தங்கத்தை விஞ்சிய எஃகு

2016 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், பதெக் பிலிப் கைக்கடிகாரம் ஒன்று 1.1 கோடி சுவிஸ் பிராங்குக்குப் போனது. 1518 என்னும் மாடல். கூடு வெறும் எஃகு. நிரந்தர நாள்காட்டியும் ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரங்களில் தொடர் தயாரிப்பாக வந்த முதல் மாடல் இது. 1941இல் தொடங்கி 1954 வரை சுமார் 281 மட்டுமே செய்தார்கள். 12க்குக் கீழே இரண்டு சிறு சாளரங்களில் கிழமையும் மாதமும் தெரியும். 6க்கு மேலே நிலவின் பிறை, அதைச் சுற்றித் தேதி. எந்த மாதத்துக்கு எத்தனை நாள், பிப்ரவரிக்கு 28ஆ 29ஆ என்பதெல்லாம் உள்ளே இருக்கும் பற்சக்கரங்களின் பொறுப்பு. நிற்காமல் ஓடினால் 2100 வரை தேதியைக் கையால் திருத்த வேண்டாம்.

இந்த நுட்பத்துக்குக் கொடுத்த விலை என்று சொல்லிவிடலாம்; ஆனால் கணக்கு இடிக்கிறது. இதே இயந்திரம் மஞ்சள் தங்கக் கூட்டிலும் இருக்கிறது. அவற்றில் சாதாரணமானவை இந்த விலையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இப்படியொரு கடிகாரம் வாங்க வசதியுள்ளவர்கள் அந்தக் காலத்தில் தங்கத்தையே கேட்டார்கள். எஃகில் தெரியவந்தவை நான்கே. அன்று வழக்கத்துக்கு மாறாக இருந்ததற்குத்தான் இன்று விலை.

எண்ணிக்கை குறைந்தாலே போதுமா என்றால், போதாது. 1989இல் தன் 150ஆம் ஆண்டுக்காக பதெக் பிலிப் நிறுவனம் செய்த காலிபர் 89 என்ற பாக்கெட் கடிகாரத்தில் 33 அம்சங்கள், அதுவும் நான்கே. 2017இல் மஞ்சள் தங்கப் பிரதி சோத்பீஸ் ஏலத்துக்கு வந்து விலைபோகாமல் திரும்பியது. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் பொருளை யார் அணிவார்கள் என்று கேட்கலாம். ஆனால் ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கச் செல்வருக்காக அந்த நிறுவனம் 1933இல் செய்து கொடுத்ததும் பாக்கெட் கடிகாரம்தான். 2014இல் அது 2.3 கோடி பிராங்கைத் தாண்டியது. 2019இல் 3.1 கோடிக்குப் போன கிராண்ட்மாஸ்டர் சைம் கடிகாரத்தைக் காட்டி, நிறுவனமே ஒன்றே ஒன்று செய்தாலும் விலை ஏறுமே என்பார்கள். ஆனால் அது டுஷேன் தசைச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிய ஏலம்; அந்தத் தொகையில் நன்கொடையும் கலந்திருக்கிறது.

ஆகவே ஏலப் பட்டியலைப் புரட்டும்போது அம்சங்களை எண்ணுவதோடு நிற்க வேண்டாம். அந்த வகையில் எத்தனை உள்ளன, ஏன் அவ்வளவுதான் உள்ளன என்று கேளுங்கள். விலைக்கான விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.