பெயர் ஏறிய பஸ்

1997 மே மாதம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் புதுப் போக்குவரத்துக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. பெயர்: வீரன் சுந்தரலிங்கம். கட்டபொம்மனின் தளபதி; தேவேந்திர குலத்தவர். முக்குலத்தோர் பலர் அந்தப் பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது.

பாண்டியனிலும் கட்டபொம்மனிலும் ஏறியபோது யாரும் போர்டைப் பார்த்துச் சாதி கேட்கவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை பக்கத்துத் திருவண்ணாமலைக்கு முண்டியடித்து ஏறுகிற கூட்டமும் பெயர் பார்த்து ஏறுவதில்லை. சாதி மனசுக்குள் மட்டும் இருக்கிற சமாச்சாரம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் தனியாள் இல்லை. ‘நம்மாளு எவனாச்சும் ஏறுறானா’ என்று பார்க்கிற கண்களுக்கு நடுவே நிற்கிறான். அவசர வேலை இருந்தாலும் கால் எழும்பாது. இப்படிக் காட்சியாகிற மறுப்பு, கொஞ்ச நாளில் அவனுடைய சொந்தக் கருத்தாகவே ஆகிவிடுகிறது.

அரசு என்ன செய்தது? 1997 ஜூலையில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை நீக்கியது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது. நடுநிலை மாதிரித் தெரிகிறது. ஆனால் ஏற மறுத்தவனைக் கேள்வி கேட்காமல் பெயரையே குற்றவாளியாக்கிய நடுநிலை இது. ஒரு தலித் பெயர் வரும்வரை, மற்ற பெயர்களெல்லாம் ‘பொது’வாகத்தானே இருந்தன?