வியன்னாவில் காதுக்கு ஒரு துறை

வியன்னா பொது மருத்துவமனையில் 1873-இல் காது நோய்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகத் துறை திறக்கப்பட்டது. உலகில் அப்படிப்பட்ட முதல் துறை அதுதான். ஆடம் பொலிட்சர், யோசெஃப் குரூபர் ஆகிய இருவரும் கூட்டாக அதற்குத் தலைமை ஏற்றார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பே, அதே மருத்துவமனையில், லியோபோல்ட் ஷ்ரோட்டரின் பொறுப்பில் குரல்வளை நோய்களுக்கும் தனித் துறை பிறந்திருந்தது. இந்த வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் பெரிய பெயர்களை வரிசைப்படுத்திவிட்டு நோபல் பரிசில் வந்து நிற்கிறார்கள். அந்தப் பெயர்களின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் மேதைகள் லண்டனிலும் இருந்தார்கள். அங்கே ஜோசப் டாய்ன்பீ தனி ஒருவராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட காதுகளை அறுத்து ஆராய்ந்தவர். இளம் பொலிட்சரே அவரிடம் போய்ப் பாடம் கேட்டிருக்கிறார். 1866-இல் டாய்ன்பீ இறந்தபோது லண்டனில் அவருடைய சேகரிப்பு எஞ்சியது. வியன்னாவில் உருவானதைப் போன்ற பல்கலைக்கழகத் துறை எஞ்சவில்லை. வித்தியாசம் எங்கே இருந்தது? நோயாளியின் கட்டில், பிணப் பரிசோதனை மேசை, மாணவர்களின் பெஞ்சு ஆகிய மூன்றும் வியன்னாவில் ஒரே வளாகத்துக்குள், ஒரே ஆசிரியர்களின் கையில் இருந்தன. துறையை வளர்த்தது அந்தச் சேர்க்கைதான் என்பது என் வாதம்.

குரல்வளைக் கண்ணாடியின் கதையிலிருந்தே தொடங்கலாம். உயிருள்ள மனிதனின் குரல்நாண்கள் அசைவதைச் சிறு கண்ணாடியால் முறையாகப் பார்த்து எழுதியவர் மருத்துவர் அல்லர். மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். 1854-இல் தன் தொண்டையையே பார்த்தார், அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரையும் அனுப்பினார். குரல் எப்படி எழுகிறது என்பதே அவருடைய கேள்வி, நோய் அல்ல. 1857 கோடையில் லூட்விக் டூர்க் வியன்னா மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகளிடம் இதே போன்ற கண்ணாடியை முயன்று பார்த்தார். சூரிய ஒளியை நம்பிய முயற்சி அது. குளிர்காலம் வந்ததும் நின்றுபோனது. அவரிடமிருந்து கண்ணாடிகளை இரவல் வாங்கிய யோஹான் செர்மாக், விளக்கொளியைக் குழியாடியால் தொண்டைக்குள் திருப்பிவிட்டார். யார் முதல்வர் என்று இருவருக்கும் பெரிய சண்டை மூண்டது. அந்தச் சண்டையைவிட, கண்ணாடி எங்கே போய் மருத்துவக் கருவியானது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தினமும் புதுப்புதுத் தொண்டைகள் வந்து நிற்கும் ஒரு வார்டு இல்லாமல் அது நடந்திருக்காது. 1884-இல் கொக்கெய்ன் தடவித் தொண்டையை மரத்துப்போகச் செய்யலாம் என்று எட்மண்ட் யெலினெக் காட்டியதும் வியன்னாவில்தான். குமட்டல் அடங்கியது, குரல்வளையில் கை வைப்பது எளிதாயிற்று.

காதுப் பக்கம் இன்னும் அழுத்தமான சான்று உண்டு. ரப்பர்ப் பந்தை மூக்கில் வைத்து, நோயாளி எச்சில் விழுங்கும் கணத்தில் அழுத்தினால், மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் வழியே காற்று ஏறும். 1863-இல் பொலிட்சர் வெளியிட்ட இந்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நடுச்செவியில் நீர் கோத்தவர்களுக்கு அது பலன் தந்தது. ஆனால் ஒரு வகையினருக்கு எவ்வளவு காற்று ஏற்றினாலும் காது கேட்கவில்லை. செவிப்பறையோ பார்வைக்குப் பழுதின்றி இருந்தது. நாள்பட்ட வறண்ட சளி அழற்சி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது தான் பரிசோதித்தவர்களின் காதெலும்புகளை, இறந்த பின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் பொலிட்சர். கோளாறு சளிச்சவ்வில் இல்லை, உட்செவியைச் சூழ்ந்த எலும்பிலேயே இருக்கிறது, அது வளர்ந்து அங்கவடி எலும்பை அசையவிடாமல் பூட்டிவிடுகிறது என்று 1893-இல் எழுதினார். தன் பெயர் தாங்கிய சிகிச்சை யாருக்குப் பயன்படாது என்பதைத் தானே நிறுவினார் என்பதும் இதற்குள் அடக்கம். கட்டிலருகே கேட்ட புகாரும் மேசையில் கண்ட எலும்பும் ஒரே மனிதருடையவை என்று சொல்ல முடிந்த இடத்தில்தான் இது சாத்தியம். அந்த வளாகத்தில் பிணப் பரிசோதனை என்பது அன்றாட நடைமுறை. நோய்க்குறியியல் பேராசிரியர் ரோகிடான்ஸ்கி தன் வாழ்நாளில் ஏறத்தாழ 30,000 உடல்களைப் பரிசோதித்தார் என்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அந்தக் கட்டில்களில் கிடந்தவர்கள் ஏழைகள். பணமுள்ளவர்கள் மருத்துவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். மாணவர் கூட்டம் சுற்றி நின்று காதைப் பார்ப்பதையும், இறந்த பின் உடல் அறுக்கப்படுவதையும் ஏழையிடம் யாரும் இன்று கேட்பதுபோல் அனுமதி கேட்கவில்லை. இது உண்மை, துறையின் சாதனைப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை என்பது பெரிய அநீதி. நான் சொல்லும் சேர்க்கை அவர்களுடைய உடல்களின்மேல் எழுந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அவர்களை வெறும் பொருளாக மட்டும் பார்த்திருந்தால் இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பே கைநழுவியிருக்கும்.

1905-இல் பொலிட்சரின் துறையில் சேர்ந்த ராபர்ட் பாரானி, காதைப் பீச்சுக்குழாயால் கழுவும்போது பலருக்குத் தலை சுற்றுவதையும், அப்போது கண்மணிகள் தாளமிட்டாற்போல் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுப்பதையும் கவனித்துக் குறித்துவந்தார். ஒரு நோயாளி, தண்ணீர் போதுமான சூடாக இல்லாதபோதுதான் தனக்குத் தலை சுற்றுகிறது, வீட்டில் வெந்நீரில் கழுவினால் ஒன்றும் ஆவதில்லை என்று சொன்னார். தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது என்றார் செவிலி. நோயாளி குளிர்கிறது என்றால் அவர் விருப்பப்படியே செய்வோம் என்றார் பாரானி. அடுத்த முறை வந்தது கொதிக்கிற தண்ணீர். நோயாளி கத்தினார், மீண்டும் தலை சுற்றியது. பாரானி உடனே கண்களைப் பார்த்தார்: இப்போது எதிர்ப்பக்கமாக இழுத்தன. குளியலறை வெந்நீர்க் கொதிகலத்தில் சூடான நீர் மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்குவதுபோல, உட்செவியின் அரைவட்டக் குழல்களுக்குள் இருக்கும் திரவமும் ஓடுகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். தலைச்சுற்றலின் காரணம் எந்தக் காதில் என்று அறுக்காமலே சோதிக்கும் வழி கிடைத்தது. 1983-இல் எடையற்ற விண்வெளி ஆய்வகத்திலும் அதே கண்ணிழுப்பு தோன்றியதால், திரவ ஓட்டம் மட்டுமே முழு விளக்கமாகாது என்று தெரியவந்தது. சோதனை மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. 1914-க்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவின் போர்க்கைதியாக மெர்வ் நகரில் இருந்தார். விடுதலையாகித் திரும்பியவரை, பிறர் பங்கைச் சரிவரக் குறிப்பிடவில்லை என்று சகாக்கள் குற்றம் சாட்டினார்கள். 1917-இல் அவர் ஸ்வீடனின் உப்சாலாவுக்குப் போய்விட்டார்.

சேர்க்கைதான் காரணம் என்றால், மனிதர்கள் யாராக இருந்தாலும் ஒன்றுதானா என்று கேட்கலாம். 1938 அதற்குப் பதில் சொல்கிறது. ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபின் வியன்னா மருத்துவப் பீடத்தின் ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் யூதர்கள், வெளியேற்றப்பட்டார்கள். மூக்கு மருத்துவத்தில் பெரும் புகழ் பெற்ற மார்குஸ் ஹாயெக் முதிய வயதில் லண்டனுக்குப் போனார். 1941-இல் அங்கேயே இறந்தார். காதுத் துறையின் ஹைன்ரிஷ் நாய்மன் 1939-இல் நியூயார்க்கில் இறந்தார். கட்டில்கள் அங்கேயே கிடந்தன, மேசையும் இருந்தது. உலகெங்கிலுமிருந்து மாணவர்களை இழுத்த பெருமை மட்டும் போய்விட்டது. கட்டில், மேசை, பெஞ்சு ஆகிய மூன்றையும் இணைத்தது ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைமாறிய பயிற்சி என்பதும், அதைச் சட்டத்தால் சில வாரங்களில் அறுத்துவிட முடிந்தது என்பதும் என் வாதத்தோடு நான் சேர்த்துக்கொள்ள வேண்டிய திருத்தம்.

அப்படியானால் 1977 டிசம்பர் 16? நம் ஊரில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே பலருக்கும் பழகிவிட்ட காக்ளியர் இம்ப்ளாண்ட் வரலாற்றில் முக்கியமான நாள் அது. பல தடங்கள் கொண்ட நுண்மின்னணுக் கருவி ஒன்றை வியன்னாவில் கூர்ட் பூரியன் ஒரு நோயாளியின் உட்செவியில் பொருத்தினார். கருவியை உருவாக்கிய இங்கெபோர்கும் எர்வின் ஹோக்மையரும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள். இது பொறியியலின் வெற்றி, காதுத் துறைக்கு இதில் என்ன பங்கு என்று சொல்பவர்கள், மின்னால் செவி நரம்பைத் தூண்டும் முயற்சி 1957-லேயே பாரிஸில் நடந்ததை மறந்துவிடுகிறார்கள். அந்த முதல் முயற்சி நீடிக்கவில்லை. வியன்னாவின் பொறியாளர்களுக்கு அறுவைக் கூடத்தின் கதவு திறந்தது. அவர்கள் அனுப்பிய மின்துடிப்பு எப்படிக் கேட்டது என்பதை, காதுக்குள் கம்பியோடு உட்கார்ந்திருந்த மனிதர்தான் அவர்களுக்குச் சொல்ல முடிந்தது.