சிவனொளிபாத மலையிலிருந்து ஒரு விண்தூக்கி: நடக்காத கருவிகளும் ரசிகர்களின் சமாதானங்களும்

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பாதையில், தேயிலை மலைகளுக்கு மேலே கூம்பாக எழுந்து நிற்கிறது சிவனொளிபாத மலை. உயரம் 2,243 மீட்டர். உச்சிப் பாறையில் உள்ள ஒரே சுவட்டைச் சிவனின் பாதம், புத்தரின் பாதம், ஆதாமின் பாதம், புனித தோமையாரின் பாதம் என நான்கு சமயத்தவர் நான்கு விதமாக விளக்கி, ஒரே படிகளில் ஏறி வணங்குகிறார்கள். 1979இல் அந்த உச்சிக்கு இன்னொரு கதை வந்து சேர்ந்தது. நிலத்திலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு வடத்தை நிமிர்த்தி நிறுத்தி, அதில் ஆட்களையும் சரக்கையும் விண்வெளிக்கு ஏற்றலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் எழுதினார். நாவலின் பெயர் ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’. ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளும் அதற்குக் கிடைத்தன.

அது நாவல்தான், திரைப்படம் அல்ல. ஆனாலும் அறிவியல் புனைவுப் படங்களில் வரும் நம்பமுடியாத கருவிகளுக்கு ரசிகர்கள் சமாதானம் தேடும் வழக்கத்தின் வரலாற்றை எழுத, இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் திரைக்கதையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதியவர் கிளார்க். நடக்காத ஒரு கருவி, அதற்கு ஆசிரியரே சொல்லும் சமாதானம், வாசகர்களின் தணிக்கை, பொறியாளர்களின் மறுகணக்கு என்று அந்த வழக்கத்தின் படிகள் எல்லாம் அவரிடத்தில் ஒரே தொடராகக் கிடைக்கின்றன. என் வாதம் இதுதான்: சமாதானங்கள் எல்லாம் ஒரே தரமல்ல. கருவிக்கு ஒரு வரம்பைச் சேர்க்கும் சமாதானம் அறிவை வளர்க்கிறது. வெறும் பெயரைச் சேர்க்கும் சமாதானம் கேள்வியை மூடிவிடுகிறது.

கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அதற்கு முன்பே, 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில், பூமத்திய ரேகைக்கு மேலே பூமியோடு ஒத்துச் சுழலும் துணைக்கோள்கள் வழியாக உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று கணக்கோடு எழுதியிருந்தார். அன்று அது கற்பனை. 1975இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அவருடைய கொழும்பு வீட்டில் ஒரு பெரிய தட்டு அலைவாங்கியை நிறுவியது. இந்தியக் கிராமங்களுக்காக ஏடிஎஸ்-6 துணைக்கோள் வழியே ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை, நாட்டில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலத்தில் அவர் வீட்டிலிருந்தபடி பார்த்தார். மலையகத்துக்குத் திரை வேறு வழியில் வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது, நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீட்டர் உயரத்தில் நிற்கும் பீதுருதாலகால உச்சியிலிருந்து அதன் அலை நாடெங்கும் போனது. ஒரு தலைமுறைக்கு முன் புனைவாக இருந்தவை இப்படிக் கண்ணெதிரே வந்து நின்றதால், நடக்காது என்று எதையும் எளிதில் தள்ளிவிட முடியாத மனநிலை அக்கால அறிவியல் புனைவு வாசகர்களுக்கு உருவானது. சமாதானம் தேடும் வழக்கத்துக்கு அந்த மனநிலைதான் அடித்தளம்.

1968இல் வந்த ‘2001’ அறிவியல் துல்லியத்துக்குப் பேர்போன படம். அதனாலேயே அதன் பிழைகளை ரசிகர்கள் விட்டுவைக்கவில்லை. நிலவுக்குப் போகும் வழியில் டாக்டர் ஃபிளாய்ட் என்ற பாத்திரம் எடையற்ற நிலையில் உறிஞ்சுகுழாய் வழியாகத் திரவ உணவை உறிஞ்சுகிறது. வாயை எடுத்ததும் குழாயில் ஏறிய திரவம் கீழே இறங்கிவிடுகிறது. எடையே இல்லாத இடத்தில் அது ஏன் இறங்க வேண்டும்? உணவுப் பெட்டிக்குள் மீள் உறிஞ்சல் இருக்கிறது என்று ரசிகர்கள் பதில் கண்டுபிடித்தார்கள். அடுத்தது, விண்வெளி வீரர் போமன் தலைக்கவசம் இல்லாமல் வெற்றிடத்துக்குள் பாயும் காட்சி. பாய்வதற்கு முன் அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். அப்படிச் செய்தால் நுரையீரல் கிழிந்துவிடும். மூச்சை வெளியே விட வேண்டும். படப்பிடிப்பில் தான் இருந்திருந்தால் திருத்தியிருப்பேன் என்று கிளார்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இதற்கு அவர் சமாதானம் தேடவில்லை, பிழை என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை இந்த வரலாற்றில் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது உதாரணம் இன்னும் வளமானது. படத்தில் வரும் டிஸ்கவரி விண்கப்பல் அணுசக்தியில் ஓடுவது. அதன் வெப்பத்தை வெளியேற்ற அகன்ற தகடுகள் வேண்டும், முதல் வரைவுகளில் அவை இருந்தன. ஆனால் பார்ப்பவர்கள் அவற்றை விமானத்தின் சிறகுகள் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதால் நீக்கிவிட்டார்கள். சரியான பொறியியல் திரையில் பிழைபோலத் தெரியும் என்பதற்காகவே கைவிடப்பட்டது! இதற்கு எந்த ரசிகரும் பதில் கண்டுபிடிக்கத் தேவையில்லை, காரணம் தயாரிப்பு வரலாற்றிலேயே கிடக்கிறது. படத்தின் கருவி யாருடைய கண்ணுக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வியையும் ஆய்வாளர் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

‘2001’இன் தொடர்ச்சியாக 1984இல் வெளிவந்த ‘2010’ படத்தின் திரைக்கதை பற்றி, லொஸ் ஏஞ்சலஸில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸும் கொழும்பில் இருந்த கிளார்க்கும் கேப்ரோ கணினிகளையும் தொலைபேசி இணைப்பையும் வைத்து உரையாடினார்கள். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவும் வந்தன. கிளார்க்கின் ‘2001’ நாவலில் கப்பல் சனிக்கோளுக்குப் போகிறது, அதே பெயர்ப் படத்தில் வியாழனுக்கு. சனியின் வளையங்களை நம்பும்படி படமாக்க முடியாததே காரணம். தொடர்நாவலை எழுதும்போது கிளார்க் தன் புத்தகத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பின்பற்றினார். தன் நாவல்கள் ஒரே நேர்கோட்டுத் தொடர்ச்சி அல்ல, அருகருகே உள்ள பிரபஞ்சங்களில் நடப்பவை என்று விளக்கமும் கொடுத்தார். ரசிகர்கள் செய்ய வேண்டிய வேலையை ஆசிரியரே செய்துகொண்டார்.

இனி வடத்துக்கு வருவோம். விண்ணை எட்டும் கோபுரத்தை 1895இலேயே ரஷ்யர் ட்சியோல்கோவ்ஸ்கி நினைத்துப் பார்த்தார். கீழிருந்து கட்டாமல் மேலிருந்து வடத்தைத் தொங்கவிடலாம் என்று 1960இல் யூரி அர்த்சுத்தானொவ் எழுதினார். 1975இல் அமெரிக்கப் பொறியாளர் ஜெரோம் பியர்சன் அதைத் தனியாகக் கண்டடைந்து முழுக் கணக்கோடு வெளியிட்டார். கிளார்க்கின் நாவல் வந்த அதே ஆண்டில் சார்ல்ஸ் ஷெஃபீல்டும் இதே கருவியை வைத்து ஒரு நாவல் எழுதியிருந்தார். இது களவல்ல, தற்செயல் ஒற்றுமை என்று கிளார்க்கே பகிரங்கக் கடிதம் எழுதி அவரைப் பழியிலிருந்து காத்தார்.

வடத்தின் சிக்கல் மலையகத்தாருக்குப் புதிதல்ல. மேல்மலையில் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி, கொக்கியில் மாட்டி, கம்பி வழியாக ஸ்டோருக்கு இறக்கும் ஏற்பாடு பழைய தோட்டங்களில் இருந்தது. மூட்டையே ஏறாத நேரத்திலும் அந்தக் கம்பி நேராக நிற்காது, தன் பாரத்தால் நடுவில் தொய்ந்திருக்கும். நீளம் கூடக் கூட, கம்பிக்கு முதல் சுமை கம்பியே. நல்ல உருக்குக் கம்பியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் 30 கிலோமீட்டர் அளவில் தன் எடையாலேயே அறுந்துவிடும். கெவ்லார் இழை சுமார் 250 கிலோமீட்டர் தாங்கும். ஒரே தடிமனான விண்வடத்துக்கோ பூமிப்பரப்பின் ஈர்ப்பில் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளத்தைத் தாங்கும் பொருள் வேண்டும். நடுவில் தடிப்பாகவும் முனைகளில் மெலிதாகவும் செய்தால் இந்தத் தேவை குறையும், ஆனால் மறையாது. எடையற்ற நிலையில் வளர்க்கப்பட்ட வைர இழை என்று கிளார்க் ஒரு பொருளைக் கற்பித்தார். நாவல் வாசகரிடம் கேட்கும் மிகப் பெரிய கடன் அதுதான். 1991இல் சுமியோ இஜிமா கார்பன் நுண்குழாய்களைப் பற்றி எழுதியபோது அந்தக் கடனில் ஒரு பகுதி அடைபட்டதாக வாசகர்கள் மகிழ்ந்தார்கள். 2012இல் ஜப்பானின் ஒபயாஷி நிறுவனம் 2050க்குள் விண்தூக்கி கட்டும் திட்டத்தையே அறிவித்தது. தேவையான நீளத்துக்கு நுண்குழாய் நூற்க இன்றுவரை முடியவில்லை.

பொருளுக்கு ஒரு கடன் கேட்டவருக்கு, இடத்துக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. விண்வடத்தின் இயல்பான இடம் பூமத்திய ரேகை. சிவனொளிபாத மலையோ அதற்கு வடக்கே ஏறத்தாழ 6.8 பாகையில் இருக்கிறது. ஆகவே கிளார்க் இலங்கையை 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளி, ‘தப்ரபேன்’ என்று பெயரிட்டு, மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார். செய்ததை மறைக்கவில்லை, புத்தகத்திலேயே சொன்னார். வேறொரு கட்டுரையில், நிஜ உலகில் பொருத்தமான இடம் மாலைதீவின் கான் தீவு என்றும் குறிப்பிட்டார். பூமியோடு ஒத்துச் சுழலும் பாதையில் துணைக்கோள் விலகாமல் நிற்கும் இரண்டு நிலைப்புள்ளிகளில் ஒன்று கிழக்கு 75 பாகையை ஒட்டியிருப்பதே காரணம். 36,000 கிலோமீட்டர் வடத்துக்கு 2 கிலோமீட்டர் மலை உயரம் அற்பம் என்று தோன்றலாம். ஆனால் 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல்தான்.  இரட்டிப்பாக்கியதற்கு ஒரு கணக்கு இருந்தது.

இத்தகைய கணக்குகளை வாசகர்கள் கேட்டுப் பெற்ற காலம் அது. 1970இல் லாரி நிவன் ‘ரிங்வேர்ல்ட்’ எழுதினார். விண்மீனைச் சுற்றி ஒரு பெரும் வளையம் அமைந்த உலகம் அது. மறு ஆண்டு அறிவியல் புனைவு மாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள் அந்த வளையம் நிலைத்து நிற்காது என்று கோஷமிட்டார்கள். நிவன் அடுத்த நாவலில் வளையத்தை நிலைநிறுத்தும் உந்திகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. திரையில் இதற்கு இணையானது ‘ஸ்டார் வார்ஸ்’. தூர அலகான ‘பார்செக்’கை 1977ஆம் ஆண்டுப் படம் நேர அலகுபோலப் பேசிவிட, கருந்துளைகளை உரசிப் போகும் குறுக்குவழி என்று ஒரு விளக்கம் வளர்ந்தது. 2018இல் வந்த ‘சோலோ’ ஆபத்தான குறுக்குவழியையே காட்சியாக்கியது. ‘ஸ்டார் ட்ரெக்’கில் மனிதரை இடம்மாற்றும் கருவிக்கு ‘ஹைசன்பர்க் ஈடுசெய்வான்’ என்றொரு உறுப்பைச் சேர்த்தார்கள். அது பெயர் மட்டுமே, அதிலிருந்து எந்தக் கணக்கும் தொடங்காது.

கிளார்க்கின் மலைக்கு மட்டும் ஓர் அபூர்வம் நடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேஸ் கஸாண்ட் என்பவர், பூமத்திய ரேகைக்கு வெளியே வடத்தை நட்டாலும் அது நிற்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். வடம் செங்குத்தாக நிற்காமல் ரேகைப் பக்கம் சாயும், சுமைத்திறன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதாவது இலங்கையைத் தெற்கே தள்ளியிருக்க வேண்டியதில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே, மலை உள்ள இடத்திலேயே, தெற்கே சாய்ந்தபடி அந்த வடம் நிற்கலாம். ஆசிரியரின் சமாதானத்தைவிடப் பின்னால் வந்தவர்களின் கணக்கு மேலானதாக அமைந்த அருமையான இடம் இது.

மலையக இளைஞர்கள் பெரும்பாலும் பார்த்து வளர்வது தமிழகப் படங்களை. அங்கே இந்த வழக்கம் வேறு வழியில் வளர்ந்தது. 1963இல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் கலை தேடிப் பூமிக்கு வந்து பானுமதியைக் கடத்திப்போனார்கள். பறக்கும் தட்டு எப்படிப் பறந்தது என்று சொல்லும் கடமை படத்துக்கு இல்லை. எப்படி என்று கேட்கும் பழக்கத்தைத் தமிழில் பரவலாக்கியவர் எழுத்தாளர் சுஜாதா. ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியில் வாசகர் கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் ஒரு தலைமுறையையே பழக்கின. 1986இல் ‘விக்ரம்’ படத்துக்கும் எழுதினார். அவர் பணியாற்றிய ‘எந்திரன்’ 2010இல் திரைக்கு வந்தபோது அவர் இல்லை. 2008 பெப்ரவரியில் மறைந்துவிட்டார். கிளார்க் மறைந்தது அடுத்த மாதம்.

பிறகு வந்த படங்கள் விதிகளைத் தாமே முன்கூட்டிச் சொல்லத் தொடங்கின. ‘இன்று நேற்று நாளை’யில் (2015) கடந்த காலத்தில் கைவைத்தால் நிகழ்காலத்தில் விலை கொடுக்க வேண்டும். ‘24’இல் (2016) காலத்தைத் திருப்பும் கடிகாரம் ஒரு நாளுக்கு மேல் பின்னே போகாது, அந்த வரம்பை உடைக்கக் கதைக்குள்ளேயே உழைக்க வேண்டியிருக்கிறது. ‘மார்க் ஆண்டனி’யில் (2023) கடந்த காலத்தோடு பேசும் தொலைபேசியிலிருந்து ஒரே தேதிக்கு இரண்டாம் முறை அழைக்க முடியாது. கருவி நடக்காததுதான். ஆனால் வரம்பு இருப்பதால் பார்ப்பவர் கணக்குப் போட முடிகிறது, அடுத்த காட்சியை ஊகிக்க முடிகிறது, மீறினால் கண்டுபிடிக்க முடிகிறது. எதிர்ப்பக்கம் ‘2.0’ (2018). இறந்த பறவைகளின் ஆற்றலும் ஒரு மனிதரின் ஒளிவட்டமும் சேர்ந்து கைபேசிகளைப் பறக்கவைக்கின்றன. கைபேசிக் கோபுரங்கள் பறவைகளைக் கொல்கின்றன என்ற கூற்றையும் படம் அறிவியலாகவே முன்வைத்தது. இந்திய செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. சங்கத்துக்கு வணிக நோக்கம் இருந்தது உண்மை. ஆனாலும் ‘ஆற்றல்’ என்ற சொல்லுக்கு எந்த வரம்பும் வைக்காததே படத்தின் பலவீனம். பறவைகள் மீதான அதன் கரிசனம் உண்மையானது, அதற்காகவாவது கணக்கு வலுவாக இருந்திருக்க வேண்டும்.

விண்வடத்தில் இன்னும் போடவேண்டிய கணக்குகள் உண்டு. 2021இல் வந்த ‘ஃபவுண்டேஷன்’ தொலைக்காட்சித் தொடரில் வடம் அறுந்து நகரத்தின்மேல் சுருண்டு விழுகிறது. அறுந்த இடத்துக்கு மேலே உள்ள பகுதி வெளியே பறந்துவிடும், கீழே உள்ளதுதான் விழும். எங்கே அறுந்தது என்பதைப் பொறுத்தே சேதம். மலையகத்துக்கு இந்தக் கேள்வி நேராகவே வருகிறது. கிளார்க்கின் நாவலில் மலை உரிமைக்காக வழக்காடி வெல்பவர்கள் உச்சியில் வாழும் துறவிகள். சரிவில் வாழ்பவர்களுக்கான கணக்கை மலையக வாசகர்தான் போட வேண்டும், அதற்கு முன்னுதாரணம் கண்ணெதிரே இருக்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது, நகரை இடம்மாற்ற வேண்டியிருந்தது. நீர்மட்டம் இறங்கும் வறட்சி ஆண்டுகளில் பழைய கோயிலின் கட்டடம் இன்றும் வெளியே தெரிகிறது. வடத்தின் அடிவாரத்தில் எத்தனை லயங்கள், எந்தெந்தத் தேயிலை மலைகள், எந்த ஊர்ப் பாதைகள் என்பதும் இழையின் இழுவிசையைப் போலவே அந்தக் கருவியின் கணக்கில் சேரவேண்டிய எண்கள்.