பிஸ்டலுக்கு 'ரெட் டாட்' வாங்கப் போறீங்களா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

2024 ஜூலை 28. பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச்சுற்றில் 221.7 புள்ளிகள் எடுத்து வெண்கலம் வென்றார் மனு பாக்கர். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். அதைப் பார்த்துட்டு 'நானும் பிஸ்டல் சுடப் போறேன்'னு வீட்டில் கேட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

திருவண்ணாமலை மாவட்டம் தெள்ளாரில் அப்படி ஒரு வீடு இருக்குன்னு வைச்சுக்குவோம். தமிழ் படிச்சவங்களுக்கு இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் 'தெள்ளாறு எறிந்த' நந்திவர்மனும் நந்திக்கலம்பகமும் ஞாபகத்துக்கு வரும். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியரைப் பல்லவர் தோற்கடித்த களம் அது. இன்னைக்கு ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரம். அப்பா தறியில் உட்கார்ந்திருக்கார், பொண்ணு செல்போனில் பிஸ்டல் வீடியோ பார்க்குது. வீடியோவில் வர்றவர் பிஸ்டல் மேல ஒரு சின்னக் கண்ணாடி, அதில் சிவப்புப் புள்ளி. "அப்பா, இது இருந்தா குறி தப்பாதாம். வாங்கித் தருவியா?"

அப்பா என்ன பதில் சொல்றது?

மனு பாக்கர் பிஸ்டலில் ரெட் டாட் இருந்ததா?

இல்லை. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி, பிஸ்டல் போட்டிகளில் திறந்த குறிகாட்டி மட்டும்தான் அனுமதி. லென்ஸ், கண்ணாடி, டெலஸ்கோப், லேசர், மின்னணுப் புள்ளி எல்லாத்துக்கும் தடை. 2012 லண்டனில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவில் வெள்ளி வென்ற விஜய் குமார் சுட்டதும் சாதாரண இரும்புக் குறிகாட்டி வைத்துத்தான்.

நம்ம ஊர் மாவட்ட, மாநிலப் போட்டிகளின் பிஸ்டல் பிரிவுகளும் பெரும்பாலும் இதே விதியில்தான் நடக்குது. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித் பதக்கங்களை அள்ளினது ஞாபகம் இருக்கா? அவர் இறங்கினதும் 10, 25, 50 மீட்டர் பிஸ்டல் பிரிவுகளில்தான்.

ஆக, பொண்ணு போகப்போற பாதை மாவட்டம், மாநிலம், தேசியம்னா, அந்த சிவப்புப் புள்ளிக்கு அங்கே வேலையே இல்லை. வாங்கி மாட்டிக்கிட்டுப் போனா, ஆயுதப் பரிசோதனை மேஜையிலேயே கழட்டச் சொல்லிடுவாங்க.

ஏன் இந்தத் தடை?

இதைப் புரிஞ்சுக்க ஒரு சின்னக் கணக்கு போதும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் அட்டையில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டை பட்டன் அளவு. பிஸ்டலின் பின்பக்கம் ஒரு பள்ளம், முன்பக்கம் ஒரு சின்ன முனை. இரண்டுக்கும் நடுவில் சுமார் 33 சென்டிமீட்டர் இருக்குன்னு வைங்க. அந்த முனை பள்ளத்தின் நடுவில் நிற்காமல் ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்னா, 10 மீட்டர் தூரத்தில் குண்டு 30 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். அதாவது 10 வாங்க வேண்டியவருக்கு 7. பாரிஸ் தகுதிச்சுற்றில் 60 குண்டுகளுக்கு 580 எடுத்தார் மனு. ஒரு குண்டுக்கு சராசரி 9.67. அங்கே ஒரு 7 விழுந்தா என்ன ஆகும்னு நீங்களே பார்த்துக்கோங்க.

ரெட் டாட் மாட்டினா இந்த முனை, பள்ளம் பிரச்சினையே கிடையாது. புள்ளி எங்கே நிக்குதோ அங்கேதான் குண்டு. போட்டியின் பாதித் திறமையைக் கருவி செய்துடும். தடைக்கு அதுதான் அடிப்படை.

ரெட் டாட்ன்னா லேசரா?

சினிமாவில் வில்லன் நெற்றியில் சிவப்புப் புள்ளி ஊர்ந்து போகுமே, அது லேசர். ரெட் டாட் வேற. இதில் எதிரில் இருக்கும் அட்டை மேல எந்தப் புள்ளியும் விழாது. ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு, அதுக்கு முன்னால் லேசாக வளைந்த கண்ணாடி. சிவப்பு ஒளியை மட்டும் அந்தக் கண்ணாடி திருப்பி உங்க கண்ணுக்கு அனுப்பும், மத்த வெளிச்சத்தை உள்ளே விட்டுடும். ஒளி இணைக்கதிர்களாக வர்றதால, புள்ளி ரொம்ப தூரத்தில் மிதக்கிற மாதிரி தெரியும். சுடுறவருக்கு மட்டும்தான் தெரியும்.

தத்துவம் பழசு. டப்ளினைச் சேர்ந்த டெலஸ்கோப் நிபுணர் ஹோவர்ட் கிரப் 1900இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிட்டார். (கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கியைச் செய்த கிரப் பார்சன்ஸ் கம்பெனி, அவர் பெயரைத் தாங்கினதுதான்.) மின்னணு ரெட் டாட் சந்தைக்கு வந்தது 1975இல், ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் மூலமாக.

அப்போ எந்தப் போட்டியில்தான் மாட்டலாம்?

ஐ.பி.எஸ்.சி. என்கிற ஓடிக்கிட்டே சுடும் போட்டிகளில் 'ஓப்பன்', 'புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ்' பிரிவுகள் இதற்காகவே இருக்கு. அமெரிக்காவில் 25, 50 கஜ தூரத்தில் நடக்கும் 'புல்ஸ்ஐ' போட்டியிலும் அனுமதி உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் கிளப்களில் இதில் இறங்கினால், கீழே இருப்பது அவங்களுக்கு.

முதலில் புள்ளியின் அளவு. பெட்டியில் 2, 3, 6 எம்.ஓ.ஏ. என்று எழுதியிருக்கும். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் 1 எம்.ஓ.ஏ. 10 மீட்டரில் அது ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டரை மறைக்கும், 25 மீட்டரில் 7.3 மில்லிமீட்டரை. அப்போ 6 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டரில் கிட்டத்தட்ட 44 மில்லிமீட்டரை மூடிடும். 25 மீட்டர் துல்லியப் பிரிவு அட்டையில் 10 வளையமே 50 மில்லிமீட்டர்தான். நிதானமாக நின்று துல்லியமாகச் சுடுறவங்களுக்கு 2 அல்லது 3 நல்லது. ஓடி வந்து பெரிய இலக்கை சட்டுனு பிடிக்கணும்னா 6 கைகொடுக்கும். பெரிய புள்ளியில் இன்னொரு லாபமும் உண்டு. சின்னப் புள்ளி கை நடுக்கத்தை அப்படியே காட்டும், அதைப் பார்த்துப் பதறியே சிலர் விசையை இழுத்துடுவாங்க.

அடுத்தது பொருத்தும் இடம். புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவில் பிஸ்டலின் ஸ்லைடு மேலேயே மாட்டணும். ஸ்லைடு ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் அடிக்கும், அந்த அதிர்ச்சியைத் தாங்காத மலிவுச் சரக்கு சீக்கிரமே புள்ளியை இழந்துடும். விலை பார்க்கும்போது இதை மனசில் வைங்க. ஓப்பன் பிரிவில் அசையாத சட்டத்திலும் பொருத்தலாம் என்பதால் அங்கே கொஞ்சம் நிம்மதி.

கண்ணாடிச் சன்னல் பெரிசா இருந்தா புதுசா பழகுறவங்களுக்குப் புள்ளி சட்டுனு கிடைக்கும். மழை, தூசி உள்ள திறந்தவெளி என்றால் விளக்கு மூடிய பெட்டிக்குள் இருக்கும் வகையை எடுங்க. திறந்த வகையில் ஒரு துளி தண்ணீர் விளக்கு மேல விழுந்தாலே புள்ளி சிதறிடும். பேட்டரி மாத்த, குறிகாட்டியையே கழட்ட வேண்டிய மாடல்களைத் தவிருங்க. திருப்பி மாட்டினதும் குறி சரியா இருக்கான்னு மறுபடி சுட்டுப் பார்க்கணும்.

புள்ளி நட்சத்திரம் மாதிரி தெரியுதா?

கடைக்காரரிடம் சண்டை போடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. செல்போன் கேமராவை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பாருங்க. கேமராவில் புள்ளி வட்டமாகத் தெரிஞ்சு, உங்க கண்ணுக்கு மட்டும் வால் முளைச்ச மாதிரி, திராட்சைக் கொத்து மாதிரி தெரிஞ்சா, கோளாறு கருவியில் இல்லை. உங்க கண்ணில் 'அஸ்டிக்மாடிசம்' இருக்க வாய்ப்பு அதிகம். கண் டாக்டரைப் பாருங்க. முதலில் வெளிச்சத்தையும் குறைச்சுப் பாருங்க, அதிக வெளிச்சத்திலும் புள்ளி பூத்துப் போகும்.

நாற்பதைத் தாண்டினவங்களுக்கு ரெட் டாட் ஒரு வரம்தான். தறியில் இழை எடுக்கவே கண்ணாடி தேடுகிற வயதில், கைநீட்டு தூரத்து முனையும் மங்கித்தான் தெரியும். புள்ளியோ தூரத்தில் இருக்கிற மாதிரி தெரிவதால் கண் சிரமப்படாது. ஆனா ஐ.எஸ்.எஸ்.எஃப். போட்டியில் அதற்கும் விலக்கு இல்லை. பார்வைக் குறைக்கான லென்ஸை சுடுறவர் முகத்தில் போட்டுக்கலாம், பிஸ்டலில் மாட்டக் கூடாது. பாரிஸில் 51 வயது துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கிட்டு வெள்ளி வென்றாரே, அவர் பார்த்ததும் வெறும் இரும்பு முனையைத்தான்.

தெள்ளார் அப்பா என்ன செய்யலாம்?

முதல் வேலை, ரைஃபிள் கிளப்பில் போய் 'எந்தப் பிரிவு, எந்த விதி' என்று கேட்பது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான் தொடக்கம் என்றால் .177 அளவு போதும், அதாவது 4.5 மில்லிமீட்டர். விசையை இழுக்க குறைந்தது 500 கிராம் விசை வேணும், பிஸ்டலின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. குண்டு வெடிக்கும் பிஸ்டல் என்றால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம், அதற்கு 21 வயது வேணும்.

ரெட் டாட்டுக்கு எடுத்து வைத்த பணம் இருந்தா, அது குண்டுக்கும் கிளப் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் போகட்டும். கையில் பிஸ்டல் வந்த பிறகு வீட்டிலேயே 'ட்ரை ஃபயரிங்' செய்யலாம். குண்டே போடாமல், பிஸ்டல் காலியா இருக்குன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்னு, முனை பள்ளத்தின் நடுவில் ஆடாமல் நிற்கும்படி மெதுவாக விசையை இழுக்கும் பயிற்சி. சுவரில் இலக்கு எதுவும் ஒட்டக் கூடாது. ஒட்டினா கண் அங்கே போயிடும், முனை மங்கிடும்.