மலை தந்த உயரம், மனிதன் வகுத்த தாழ்வு

திருப்பூர் ராயபுரத்துப் பனியன் தூத்துக்குடியில் கப்பலேறுகிறது. நேபாளத்திற்கோ கடலே இல்லை. அதன் சரக்கு இந்தியாவைக் கடந்து, கொல்கத்தா சென்று கப்பலேற வேண்டும். வடக்கே 8,848 மீட்டர் உயர எவரெஸ்டு! இவை இயற்கை வகுத்தவை.

மக்களிடையே உயர்வு தாழ்வு வகுத்தது யார்? இயற்கையா? இல்லை! 1846இல் ஆட்சியைப் பிடித்த ஜங் பகதூர் ராணா, 1854இல் ‘முலுகி ஐன்’ எனும் சட்டம் தந்தார். குற்றம் ஒன்று, தண்டனையோ சாதிக்கொன்று! தீண்டாமையும் சட்டமாயிற்று. 1963இல்தான் புதிய சட்டம் அதைக் கைவிட்டது.

திருமாலின் அவதாரமெனப் போற்றப்பட்ட மன்னராட்சி 2008இல் முடிந்தது. முடித்தது மற்றோர் அவதாரமன்று, மக்கள்!

ஏட்டிலிருந்து நீங்கிய சாதி, கிணற்றடியிலிருந்தும் நீங்க வேண்டாமா? மலையை நம்மால் பெயர்க்க முடியாது. மனிதன் எழுதியதை மனிதன் அழிக்கலாம், தோழர்களே!