படகின் ஆழமானி பிழைத்தால்: புதிது வாங்கமுன் பார்க்க வேண்டியவை

சென்ற கோடையில் ஒன்ராறியோ ஏரியில் நண்பர் ஒருவரின் பாய்ப்படகு சேற்றில் தட்டி நின்றது. அப்போது ஆழமானியின் திரை 0.9 மீற்றர் என்று காட்டிக்கொண்டிருந்தது. படகில் பிள்ளைகள் நால்வர். பாறையாக இருந்திருந்தால் கதை வேறு. அந்த ஆழமானி வாங்கி இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

ஆழமானி வேலை செய்யும் விதம் எளிது. படகின் அடியிலுள்ள ஒலியுணரி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணிக்கும். நன்னீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1450 மீற்றர் செல்வதால், 10 மீற்றர் ஆழத்துக்குப் போய்வர ஒரு செக்கனின் எழுபதில் ஒரு பங்களவே பிடிக்கும்.

கருவி பிழைத்தால் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. மின்சாரம்: எஞ்சினை இயக்கும்போது திரை அணைந்தால் பற்றரியையும் பியூசையும் சோதியுங்கள். நண்பரின் பழைய கருவியில் இருந்த குறை, பச்சை பூத்த ஒரு பியூஸ் முனைதான். கடையில் புதியது வாங்கச் சொன்னார்கள், வாங்கிவிட்டார்.

2. ஒலியுணரி: பாசியும் சிப்பியும் படிந்தால் எதிரொலி மங்கும். மென்மையான துணியால் துடையுங்கள். தின்னர், அசற்றோன் பாவிக்க வேண்டாம். அதன் முகப்பு பழுதாகும்.

3. வேகம்: நிற்கும்போது சரியாகக் காட்டி, ஓடும்போது எண் மறைந்தால் பெரும்பாலும் காற்றுக் குமிழிகளே காரணம். ஒலியுணரியின் இடத்தை அல்லது சாய்வை மாற்றினால் போதும்.

4. ஆழம்: இந்த ஏரியின் மிக ஆழமான இடம் 244 மீற்றர். சிறிய கருவிகளுக்கு அவ்வளவு எட்டாமல் போகலாம். ஆழம் குறைந்த இடத்தில் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், புதிய திரையின் அதிர்வெண்ணும் இணைப்பியும் பழைய ஒலியுணரிக்குப் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். கேபிளை வெட்டாதீர்கள். அடித்தட்டைத் துளைத்துப் பொருத்திய ஒலியுணரியானால் படகைக் கரையேற்றி மாற்றுவதே பாதுகாப்பு.

கடைசியாக, எங்கிருந்து அளக்கிறது என்ற கேள்வி. நண்பரின் பழைய கருவி, கீலுக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. புதியது ஒலியுணரியிலிருந்து அளந்தது. கீலின் அடியோ அதற்கு 0.9 மீற்றர் கீழே. ஆரம்ப மீதி பிழைத்தால் முழுக் கணக்கேடும் பிழைக்கும் என்பது எங்கள் தொழிலில் முதற்பாடம். இங்கும் அதுதான்.

ஆகவே படகைத் துறையில் கட்டியபடியே, பாரம் கட்டிய கயிற்றை ஒலியுணரிக்கு அருகே இறக்கி ஆழத்தை அளவுங்கள். நீர்மட்டத்திலிருந்து கீலின் அடிவரை உள்ள அளவை அதிலிருந்து கழியுங்கள். வரும் எண்ணையே திரையும் காட்டும்படி அமைத்த பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள்.