இளைப்புக்குப் பத்தியம்: விலக்கும் உணவும் சேர்க்கும் உணவும்

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தட்டிலிருந்து வாழைப்பழமும் ஆரஞ்சும் கொய்யாவும் தயிரும் மறைந்துவிடுகின்றன. 'சளி கட்டும், வீசிங் வரும்' என்பதே காரணம். உணவுக்கும் இளைப்புக்கும் தொடர்பு உண்டு என்று நம் வீடுகள் கருதுவதில் தவறில்லை. எதை விலக்குவது என்பதில்தான் தவறுகிறோம்.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் லிசா வுட் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. ஆஸ்துமா உள்ள 137 பெரியவர்களில் ஒரு பிரிவினர் நாளுக்கு ஐந்து பங்கு காய்கறியும் இரண்டு பங்கு பழமும் உண்டனர். மற்றவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு பங்கு காய்கறி, ஒரு பங்கு பழம். 14 நாளிலேயே, குறைவாக உண்டவர்கள் முதல் விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு மற்றவர்களைவிடத் தாழ்ந்திருந்தது. தொடர்ந்த வாரங்களில் அவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு 2.26 மடங்காக இருந்தது. அவர்களில் சிலருக்குத் தக்காளியின் லைகோப்பீன் சத்தை மாத்திரையாகக் கொடுத்தும் பார்த்தார்கள், பயனில்லை. முழுக் காய், முழுப் பழம் தருவதை மாத்திரை தரவில்லை. ரசஞ்சோறும் சுட்ட அப்பளமுமாகச் சுருங்கிய நம் பத்தியத் தட்டு, அந்த இரண்டாம் பிரிவினரின் தட்டுக்கே நெருக்கமானது.

கொய்யாவைத் தடுக்கும் அதே வீட்டில் பாக்கெட் நொறுக்குகளுக்குத் தடையில்லை என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. 51 நாடுகளில் 13, 14 வயதினர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய 'ஐசாக்' என்னும் பன்னாட்டு ஆய்வின் தரவுகள் 2013இல் வெளிவந்தன. வாரம் மூன்று முறைக்குக் குறையாமல் துரித உணவு உண்டவர்களிடம் கடும் ஆஸ்துமா கூடுதலாகவும், அதே அளவு பழம் உண்டவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. இது காரணத்தை நிறுவும் சோதனை அன்று. வறுமையும் புகையும் இடையில் புகுந்திருக்கலாம். ஆனாலும் நியூகாசில் முடிவு சுட்டும் திசையையே இதுவும் சுட்டுகிறது.

பாலின் மீதுள்ள பழியும் நிற்கவில்லை. சளிக் கிருமியை மூக்கில் செலுத்திக்கொண்ட தன்னார்வலர்களின் சளியை 1990இல் ஆஸ்திரேலியாவிலேயே எடைபோட்டுப் பார்த்தார்கள். பால் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சளி கூடவில்லை.

அதற்காகத் தாய்மாரின் அனுபவத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமாகாது. 1980களில் லண்டன் மருத்துவர்கள் செய்த சோதனைகளில், ஐஸ் உண்டபின் சில ஆஸ்துமா குழந்தைகளின் மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கும் நிலைக்கு வந்தது. உலர்பழங்களிலும் சில புட்டிப் பானங்களிலும் சேர்க்கப்படும் சல்பைட் சிலருக்கு மெய்யாகவே இளைப்பைத் தூண்டும். முட்டை, நிலக்கடலை, இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு விலக்கு கட்டாயம். ஒருவருக்கு ஆகாதது ஊருக்கே ஆகாது என்று பொதுவிதி ஆக்கியதே கோளாறு.

எந்த உணவும் இன்ஹேலருக்கு மாற்றாகாது. மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிப்பது அதிலுள்ள ஸ்டீராய்டு. அதை நிறுத்திவிட்டுத் தூதுவளை ரசத்தை மட்டும் நம்புவது ஆபத்து. ரசம் கூடவே இருக்கட்டும். குறிப்பிட்ட ஓர் உணவின்மேல் சந்தேகம் இருந்தால், அதை மட்டும் இரண்டு வாரம் நிறுத்தி, பீக் ஃப்ளோ மீட்டர் அளவைக் காலையும் மாலையும் குறித்துவைத்து, மருத்துவர் மேற்பார்வையில் மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். அளவு இறங்காவிட்டால் அந்த உணவைத் தட்டுக்குத் திருப்பித் தரவேண்டும்.